ஜவ்வாது மலை: காட்டுக்கு யார் காவல்?

பீமன் அருவியில் குளிக்கவும், கோடை விழா பார்க்கவும் ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பலர். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வுக் கூடமும் பலர் கேள்விப்பட்டதுதான். ஆனால் இந்த மலையின் காட்டுக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வரும் கதை அதிகம் பேசப்படுவதில்லை.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கே வாழ்பவர்கள் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமை விதைப்பதும், தேன், கடுக்காய், புளி சேகரித்து விற்பதும்தான் பிழைப்பு.

சொந்தக் காட்டில் அந்நியர்

1882-ல் ஆங்கிலேயர் ஆட்சி சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடுகள் 'ஒதுக்குக் காடு' என்று அறிவிக்கப்பட்டு எல்லை போடப்பட்டன. விறகு, மேய்ச்சல், புனக்காட்டு விவசாயம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. நேற்று வரை உரிமையாக இருந்தது, ஒரே நாளில் குற்றமாகிவிட்டது!

சந்தன மரத்தின் கதை இன்னும் விசித்திரம். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர் பெற்றது. மலையடிவாரத்தில் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு உள்ளது. ஆனால் ஒருவருடைய பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரத்தைக்கூட அவர் இஷ்டப்படி வெட்டி விற்க முடியாது. மரம் இருந்தால் லாபம் இல்லை, வம்புதான் வரும் என்றால் யார் அதை வளர்ப்பார்கள்? 2002-ல்தான் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனத்தின் மீது நிலத்துக்காரருக்கு உரிமை தந்தது.

இந்த அவநம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து மலையே சாட்சி. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில், சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி மக்களுக்குப் பெரும் கொடுமை செய்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த அனைவரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அரபாரி காட்டிய வழி

மக்களை விரட்டிக் காட்டைக் காக்க முடியாது என்பதை முதலில் நிரூபித்த இடம் மேற்கு வங்கத்தின் அரபாரி. 1972-ல் அங்கே பணியாற்றிய வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, 11 கிராமங்களின் 618 குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். காட்டை நீங்கள் காவல் காத்தால், வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு என்பதுதான் அது. அழிந்துகொண்டிருந்த சால் மரக்காடு மீண்டும் தழைத்தது. 1988 தேசிய வனக் கொள்கை மக்களின் பங்கை ஏற்றுக்கொண்டது. 1990 ஜூன் 1 அன்று, கிராம மக்களோடு சேர்ந்து காட்டைப் பராமரிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். மரக்கன்று நடுவதோடு தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் வெட்டப்பட்டன. கிணற்றில் நீர் ஊறினால்தான் காட்டின் அருமை வீட்டுக்குள் வரும் அல்லவா?

ஆனாலும் ஒரு குறை இருந்தது. வேலையில் மக்களுக்குப் பங்கு கிடைத்தது, முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் வனத்துறையிடமே இருந்தது. நேபாளத்தில் அப்படி இல்லை. காட்டைப் பயன்படுத்தும் ஊர்க்குழுவே அதை நிர்வகிக்க அங்கே 1993 வனச் சட்டம் வழி செய்தது. இந்தியாவில் அந்தத் திசையில் வந்த பெரிய மாற்றம் 2006 வன உரிமைச் சட்டம். பொதுக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அது உரிமை தருகிறது. தேன், மூங்கில், மூலிகை போன்ற சிறு வனப் பொருட்களும் மக்களுக்கே சொந்தம் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வழக்குகளால் உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

தாமதத்தின் விலை

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறி 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களையும் மலையடிவார ஊர்களையும் சேர்ந்த ஏழைக் கூலித் தொழிலாளிகள்.

ஊரில் பிழைப்பு இருந்திருந்தால் அந்தக் கைகள் அடுத்த மாநிலத்துக் காட்டுக்குப் போய்க் கோடரி தூக்கியிருக்குமா? மரம் ஏறத் தெரிந்தவனுக்கு அந்த மரத்தைக் காக்கவும் தெரியும். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த ஓடை எப்போது வற்றும் என்பதும் அவனுக்கு அத்துப்படி. அவனைத் திருடனாகப் பார்த்து வேலி போட்டதில் காடும் வளரவில்லை, அவனும் வாழவில்லை. 'இது என் காடு' என்று சொல்லும் உரிமையை அவனுக்குக் கொடுத்தால், ஜவ்வாது மலைக்கு அதைவிட நல்ல காவல் வேறு கிடைக்காது.