பூட்டிய பள்ளிகளின் நகரம் – 6: பதின்மூன்று மாணவர்கள், பன்னிரண்டு பட்டினிக்காரர்கள்

2013 மே 22 அன்று சிகாகோ கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் ஏறத்தாழ 50 அரசுப் பள்ளிகளை மூடத் தீர்மானித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பட்டியலில், நகரின் தென்பகுதியில் 51-ஆம் தெருவில் வாஷிங்டன் பூங்காவை ஒட்டி நின்ற ஓர் உயர்நிலைப் பள்ளியின் பெயர் இல்லை. அது தப்பிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கான தீர்ப்பு முந்தைய ஆண்டே எழுதப்பட்டுவிட்டது.

பள்ளியின் பெயர் வால்டர் டையெட். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஓர் இசை ஆசிரியர். ஊரார் அவரை 'கேப்டன் டையெட்' என்றே அழைத்தார்கள். நாட் கிங் கோல், டைனா வாஷிங்டன், ஜானி கிரிஃபின் என்று ஜாஸ் உலகம் கொண்டாடும் பலர் சிகாகோ அரசுப் பள்ளி வகுப்பறைகளில் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1969-இல் அவர் மறைந்தார். சில ஆண்டுகளில் அவர் பெயரைத் தாங்கி இந்தப் பள்ளி எழுந்தது. அது நின்ற இடம் பிரான்ஸ்வில். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து மிசிசிப்பியையும் அலபாமாவையும் விட்டு ரயிலேறி வந்த கறுப்பின மக்கள், வேறு எங்கும் வீடு கிடைக்காமல் நெருக்கியடித்துக் குடியேறிய பகுதி அது. அத்தகைய ஊரில் ஒரு பள்ளிக்குத் தங்கள் ஆசிரியரின் பெயரைச் சூட்டுவது சாதாரண காரியமல்ல.

2012 பிப்ரவரியில் கல்வி வாரியம் டையெட் பள்ளியைப் படிப்படியாக மூட முடிவெடுத்தது. 'படிப்படியாக' என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் வதைக்கும் பகுதி. ஒரே நாளில் பூட்டு விழவில்லை. புதிதாக ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பதை மட்டும் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பு குறைந்தது. பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர்கள் குறைந்தார்கள். ஆசிரியர்கள் போகப் போகப் பாடங்கள் மறைந்தன. இருந்த பிள்ளைகளிடமும் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தல் நடந்ததாகப் பெற்றோர் குமுறினார்கள். 2014-15 கல்வியாண்டில் அந்தப் பெரிய கட்டடத்தில் மிஞ்சியவர்கள் 13 பேர். ஓவியத்தையும் உடற்பயிற்சியையும்கூட அவர்கள் கணினித் திரையின் முன் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருந்தது. உடற்பயிற்சி வகுப்பில் ஓட ஆளில்லை, ஓடச் சொல்ல ஆசிரியரும் இல்லை. வெளியே, வாசலை ஒட்டி, 300 ஏக்கருக்கு மேல் பரந்த பூங்கா!

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பாதிக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது, நிதிப் பற்றாக்குறை 100 கோடி டாலர் என்று 2013-இல் மற்றப் பள்ளிகளுக்கும் நிர்வாகம் கணக்குக் காட்டியது. எண்கள் பொய்யல்ல. ஆனால் பிள்ளைகள் எங்கே போனார்கள்? டையெட்டுக்கு மேற்கே ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு இருந்தது. 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி. ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த இடம். அதை அரசே இடித்தது, கடைசிக் கட்டடம் 2007-இல் தரைமட்டமானது. வீட்டை இடித்தவர்களே வகுப்பறை காலியாக இருக்கிறது என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

2013-இல் மூடிய பள்ளிகளில் படித்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் கறுப்பினக் குழந்தைகள். புதுப் பள்ளிக்குப் போகும் வழியில் அவர்களில் பலர் வேறு கும்பல்களின் எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. அதனால் தெருமுனைகளில் பளிச்சிடும் மேலங்கி போட்ட காவல் ஆட்களை நகரம் நிறுத்தியது. பிற்பாடு, 2018-இல், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். பள்ளி மாறிய பிறகு அல்ல, மூடப்போவதாக அறிவித்த ஆண்டிலேயே சரிவு மிகக் கூடுதலாக இருந்தது. பூட்டு விழுவதற்கு முன்பே, விழப்போகிறது என்ற செய்தியே அவர்களைப் பாதித்துவிட்டது.

டையெட்டின் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஜிட்டு பிரவுன் போன்ற உள்ளூர் அமைப்பாளர்களோடு பெற்றோரும் ஆசிரியர்களும் உட்கார்ந்து தங்கள் பள்ளிக்குத் தாங்களே ஒரு திட்டம் எழுதினார்கள். உலகத் தலைமைத்துவம், பசுமைத் தொழில்நுட்பம் இரண்டும் அதன் மையம். தேர்வு வைத்து வடிகட்டாமல் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்க்கும் பள்ளியாக அது இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அழுத்தம் தாங்காமல் நிர்வாகம் 2014 இறுதியில் இறங்கிவந்து, பள்ளியை நடத்த யோசனைகளை வரவேற்றது. மூன்று யோசனைகள் வந்தன. 2015 ஜூனில் கடைசி 13 பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள், பள்ளி மூடியது. முடிவு ஆகஸ்டில் வரும் என்றார்கள். ஆகஸ்டு வந்தது, செப்டம்பர் என்றார்கள்.

ஆகஸ்டு 17 காலை, மூடிய பள்ளியின் முன் 12 பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உணவு கிடையாது, நீராகாரம் மட்டும். அவர்களில் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளியும் 2013 பட்டியலில் போய்விட்டது. இன்னொருவர் ஜெனெட் டெய்லர், பிள்ளைகளைப் பெற்ற தாய். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் நகர மன்ற உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்படப்போகிறார். அன்று அது யாருக்கும் தெரியாது. நாட்கள் ஓடின. சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. திரும்பிவந்து மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

செப்டம்பர் 2, 17-ஆம் நாள். மேயர் ராம் இமானுவேல் பட்ஜெட் பற்றி மக்களிடம் பேச சவுத் ஷோர் கலாசார மையத்துக்கு வந்தார். கல்வி வாரிய உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் 1995 முதல் அப்போது வரை சிகாகோவில் மேயர் கையில்தான் இருந்தது. ஆகவே டையெட் ஆதரவாளர்களும் வந்திருந்தார்கள். முழக்கம் எழுந்தது, மேடையை நெருங்கினார்கள், பாதுகாவலர்கள் மேயரை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். கூட்டம் பாதியில் நின்றது.

மறுநாளே அறிவிப்பு வந்தது. டையெட் 2016-இல் திறக்கும்! எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கும் பள்ளியாகவே திறக்கும். ஆனால் அது கலைப் பள்ளி. பெற்றோர் எழுதிய திட்டத்துக்கு அதில் இடமில்லை.

கதவு திறக்கும், ஆனால் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்வார். 18 நாள் பட்டினி கிடந்த உடம்போடு அந்தப் பன்னிரண்டு பேரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வெற்றி என்று சொல்லி உணவருந்துவதா, உயிரைப் பணயம் வைத்து மேலும் உட்காருவதா? அவர்கள் எடுத்த முடிவு சிகாகோவைத் திடுக்கிட வைத்தது.

(அடுத்த வாரம்: பத்தொன்பதாம் நாள்)