இந்திய இரயில்வே கணினி முன்பதிவின் கட்டமைப்பு வரலாறு

இந்திய இரயில்வேயின் பயணிகள் முன்பதிவு முறைமை, பெரிய நிறுவன மென்பொருள் ஒன்று படிப்படியாக விரிவடைந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய 'இம்ப்ரெஸ்' மென்பொருளுடன் இது 1985-இல் டெல்லியில் தொடங்கியது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் அமைந்தன. எனினும் அவை தனித்தனியே இயங்கியதால், ஒரு மையத்தின் முகப்பில் மற்றொரு மையத்தின் இரயிலுக்கு நேரடியாக இடம் பதிய இயலவில்லை.

இருக்கைக் கணக்கைப் பல இடங்களில் படியெடுத்து வைத்தால், ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படக்கூடும். 'கிரிஸ்' உருவாக்கிய 'கான்சர்ட்' மென்பொருளில் ஒவ்வோர் இரயிலின் கணக்கும் ஒரே மையத்தில் இருக்கும். பிற மையங்களின் கோரிக்கைகள் வலையமைப்பு வழியே அங்குச் செல்லும். 1994-இல் செகந்திராபாத்தில் அறிமுகமான இம்முறையில், 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன. திண்டுக்கல் சந்திப்பின் முகப்பிலேயே டெல்லியில் புறப்படும் இரயிலுக்கும் இடம் பதிய முடிவது இதனால்தான்.

2002-இல் இணைய முன்பதிவு வந்தபின் நெரிசல் பெருகியது. 2014-இல் இணைய வாயில் புதுப்பிக்கப்பட்டு, நிமிடத்திற்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. வாயில் அகன்றபோதும், ஓர் இரயிலுக்கு ஒரே கணக்கு என்ற அடித்தளம் மாறவில்லை.