நாயின் இரத்த வேதியியல் இயல்பளவுகள்: கோலார் தங்கவயலை முன்வைத்து

1. எல்லை வகுக்கும் முறை

ஆய்வக அறிக்கையின் ஓரத்தில் அச்சாகும் இயல்பளவு, நலமான நாய்கள் பலவற்றை அளந்து, இரு கோடியிலும் இரண்டரை விழுக்காட்டைக் கழித்து வகுத்தது. குறைந்தது 120 நாய்களாவது வேண்டும் என்பது துறை மரபு. எனவே நலமான நூறு நாய்களில் ஐந்து வெளியேதான் நிற்கும். ஒன்றையொன்று சாராத 12 சோதனைகள் செய்தால், ஏறக்குறையப் பாதி நாய்களுக்கு ஏதாவது ஓர் அளவு எல்லை தாண்டும். ஒற்றை எண்ணைப் பார்த்து மருந்து தொடங்கக்கூடாது.

2. அளவுகளும் உடல்வாகும்

வளர்ந்த நாய்க்குத் தோராயமாக, டெசிலிட்டருக்குச் சர்க்கரை 70–120 மி.கி., கிரியாட்டினின் 0.5–1.5 மி.கி., கால்சியம் 9–11.5 மி.கி., ஆல்புமின் 2.5–4 கிராம். குட்டிகளுக்கு எலும்பு வளர்வதால் பாஸ்பரசும் அல்கலைன் பாஸ்படேஸ் நொதியும் ஏறியிருக்கும். தசை குறைவென்பதால் கிரியாட்டினின் தாழ்ந்திருக்கும். கிரேஹவுண்டுக்கோ கிரியாட்டினின் இயல்பிலேயே கூடுதல். அதே வேட்டை உடல்வாகுள்ள முதோல், சிப்பிப்பாறை நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று முடிவுகட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

3. குழாயில் மாறும் எண்

சீரம் பிரிக்காத குழாயில் இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு குறையும். தங்கவயலின் மாரிகுப்பத்தில் காலையில் எடுத்த 90 மி.கி., பெங்களூரில் நாலு மணி நேரம் கழித்து அளந்தால் 70-ஐ ஒட்டி வரும். புளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாய் இந்தக் குறைவை மட்டுப்படுத்தும்.

4. தங்கவயலின் கேள்வி

1880-இல் தங்கம் எடுக்க ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்துச் சயனைடில் கழுவிய மண் மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு தமிழ்த் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வருகிறது. திண்ணையில் படுத்திருக்கும் நாயின் மேலும் படிகிறது. இந்த நாய்களுக்குப் பொது இயல்பளவு பொருந்துமா என்பதே கேள்வி.

சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும் ரோடனேஸ் நொதி நாய்க்குக் குறைவு. தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் சேர்வதைத் தடுக்கும். வழக்கமான ஈரல், சிறுநீரகச் சோதனைகள் இதைக் காட்டா. வெயிலில் சயனைடு பெரிதும் சிதைந்துபோயிருக்கலாம். ஆனால் ஊகித்துச் சொல்வது ஆய்வாகாது. ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப் பகுதி நலமான நாய்கள் 120, இந்த மண் குவியல்களின் தூசு எட்டாத முல்பாகல் பக்கத்து நாய்கள் 120 என அளக்க வேண்டும். தைராய்டு, தயோசயனேட் அளவுகளையும் சேர்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் ஆல்புமினைக் குறைத்துக் குளோபுலினை ஏற்றுவதால், அந்த நோயுள்ளவற்றை விலக்க வேண்டும். இதற்கென நாய்களைத் தனியே பிடித்து வதைக்கத் தேவையில்லை. கருத்தடை அறுவைக்கு மயக்கம் தருமுன் எடுக்கும் சில மில்லி இரத்தமே போதும்.