பால்மரக் காட்டிலிருந்து இணைய வெளிக்கு: பேராக் தமிழ் இசைக்கலைஞரின் வருவாய் வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழர்தம் இசை குறித்து எழுதப்பட்டவை பாடலையும் பாடகரையும் வழிபாட்டு மரபையும் விரிவாகப் பேசுகின்றன. அப்பாடகர் எவ்வாறு உண்டார், உடுத்தார் என்பது அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. ஈப்போவில் வீட்டின் ஓர் அறையில் கணினியைக் கொண்டு தனியாளாக மின்னணு இசை அமைத்து, அதனை இணைய இசைத் தளங்களில் வெளியிட்டு, பகலில் வேறு வேலை பார்க்கும் இளைஞரை இன்று எளிதில் காணலாம். அவரது வாழ்க்கை முற்றிலும் புதியதொரு நிலை என்று பலர் கருதுகின்றனர். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களையும் ஈப்போ நகரையும் களமாகக் கொண்டு நோக்கின் இக்கருத்து பாதியளவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இசையால் மட்டும் வாழ இயலாமை பழையது. இசைக்குரிய கூலியை யார், எங்கிருந்து, எவ்விதியால் அளக்கின்றனர் என்பதே மாறியுள்ளது.

தோட்டத்தில் இசையும் கூலியும்

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் அன்சன் (1982 முதல் தெலுக் இந்தான்) எனப் பேராக்கின் பல பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னர் கங்காணி முறை ஓங்கி, 1938இல் இந்திய அரசின் தடையால் முடிவுற்றது. இவ்வழிகளில் வந்த தமிழ் மக்களோடு பறையும் உறுமியும் தவிலும் நாதசுவரமும் இம்மண்ணுக்கு வந்து சேர்ந்தன.

தோட்டத்தில் முழுநேர இசைக்கலைஞர் என ஒருவர் அரிதாகவே இருந்திருக்க முடியும். பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கும்; காற்று குளிர்ந்திருக்கும்போதே பால் நன்கு வடியும். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் சேகரித்து, நிறுவைக்குக் கொண்டு செல்வதற்குள் நண்பகலைத் தாண்டிவிடும். ஆதலின் இசைக்கு எஞ்சியவை மாலைப்பொழுதும் சம்பள நாளை அடுத்த இரவுகளும் திருவிழாக் காலமுமே. மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இத்தகைய சூழலில் மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் கிடைத்த சிறு தொகை குடும்ப வருவாய்க்குத் துணையாயிற்று.

அத்தொகை வந்த வழி நோக்கத்தக்கது. திருவிழாச் செலவுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் வரி கொடுத்தன. சில தோட்டங்களில் அது சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்பட்டது. மேளக்காரருக்கு எவ்வளவு, கூத்துக்காரருக்கு எவ்வளவு என்பதை ஆலயக் குழுவினர் ஊரறியத் தீர்மானித்தனர். ஆட்டமும் பாட்டும் பிடித்துப்போனால் கேட்பவர் எழுந்து சென்று கலைஞரின் சட்டையில் பணத்தாளைக் குத்துவதும் உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

எனினும் இதனைப் பொற்காலமாகக் கருதுதல் தகாது. பறையடித்தல் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. சாவுக்குக் கொட்டியவருக்குக் கூலியோடு இழிவும் சேர்ந்தே வந்தது. அரிசியும் துணியும் கள்ளும் கூலியாக எண்ணப்பட்டன. முகமறிந்த சமூகம் கலைஞனைத் தாங்கியது. அதே சமூகம் அவனுடைய இடத்தையும் வரையறுத்து வைத்தது.

தோட்டத் துண்டாடலும் நகர்ப்புற இசைக்குழுக்களும்

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியர் பலர் தங்கள் தோட்டங்களை விற்றனர். அவை துண்டு துண்டாக்கப்பட்டன. குடிகள் சிதறியபோது மேளக் குழுக்களும் கூத்துக் குழுக்களும் சிதறின. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டுமென விதித்தது. தொழிலாளர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. பின்னர் ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் குறைவு.

மறுபுறம், 1937இல் தைப்பிங்கிடமிருந்து மாநிலத் தலைநகர் என்னும் நிலையைப் பெற்ற ஈப்போ, தோட்டத்து மக்களை ஈர்த்தது. புந்தோங் போன்ற பகுதிகளில் தமிழர் திரண்டனர். கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசம் இசைக்குழுக்களுக்குப் பெரும் களமாயிற்று. 1946இல் தோன்றிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் திரைப்படமும் மக்களின் செவியை மாற்றியிருந்தன. திருமணத்திலும் ஆலயக் கலை இரவிலும் திரைப்பாடல்களை வாசிக்கும் இன்னிசைக் குழுக்கள் எழுந்தன. கித்தாரும் டிரம்ஸும் வாசித்தோர் பகலில் லாரி ஓட்டினர், பட்டறையில் வேலை செய்தனர், அலுவலகங்களில் கணக்கெழுதினர். பக்கத் தொழில் என்பதன் பொருள் இங்கு மயங்குகிறது. உண்மையில் இசையே பக்கத் தொழிலாக இருந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் பொருளாதாரமும் தளர்ந்தது. வேலை தேடி இளைஞர் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்தனர்.

ஒலிநாடாவும் மின்னிசைக் கருவியும்

1963இல் அறிமுகமான ஒலிநாடாவும் 1983 முதல் பரவிய மிடி இணைப்பு முறையும் இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம். 1983இல் யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 போன்ற மின்னிசைக் கருவிகள் பல இசைக்கருவிகளின் ஒலியை ஒரே பலகையில் தந்தன. 'ரோஜா' (1992) முதலான படங்களின் இசை கேட்டுப் பழகிய மக்கள் அதே ஒலியை மேடையிலும் எதிர்பார்த்தனர். அதனால் ஒரு கீபோர்டு வாசிப்பவர் நால்வர் இடத்தை நிரப்பினார். நால்வரில் மூவர் கூலி இழந்தனர். தனியாளாக இசை அமைக்கும் இன்றைய நிலைக்கு வித்து இங்கே விழுந்தது எனலாம்.

ஒலிப்பதிவு மேடையிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. மேடைக்கு ஒவ்வொரு முறையும் கூலி உண்டு. பதிவுக்கு ஒரு முறை தொகை பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் வழக்கமே எளியோரிடம் நிலவியது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோருக்கான உரிமைத்தொகையைத் திரட்டும் எம்.ஏ.சி.பி. நிறுவனமும் (1989) வந்த பின்னரும், உறுப்பினராகப் பதிந்து தம் படைப்புகளை அறிவித்தவர்க்கே அத்தொகை சேரும். கள்ள ஒலிநாடாக்கள் எஞ்சிய விற்பனையையும் தின்றன.

இத்தடைகளுக்கிடையே மலேசியத் தமிழ் இளைஞர் தமக்கென ஓர் ஒலியை உருவாக்கினர். பொயட்டிக் அம்மோ குழுவின் 1998ஆம் ஆண்டு இசைத்தொகுப்பும், யோகி பி - நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தொகுப்பும் தமிழ்ச் சொல்லிசையைக் கடல் கடந்து கொண்டு சென்றன. யோகி பி 2007இல் 'பொல்லாதவன்' திரைப்படத்தில் பாடினார். தமிழகத்திலிருந்து இசையைப் பெற்றுவந்த மலேசியா தமிழகத்துக்கு இசையை அனுப்பியமை குறிப்பிடத்தக்கது.

இணைய இசைத் தளங்களின் கணக்கு

ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவுக்கு வந்தது. இப்போது ஈப்போ இளைஞர் ஒருவர், பெருநிறுவனத்தின் தயவின்றி, சிறு கட்டணம் செலுத்தி ஒரு வினியோக நிறுவனத்தின் வழியே தம் பாடலை உலகெங்கும் வெளியிடலாம். சாதியோ தோட்டமோ கேட்கப்படுவதில்லை. ஒரு காலத்தில் இழிவாகக் கருதப்பட்ட உறுமியின் ஒலியை அவர் பெருமையோடு தம் பாடலில் பதிக்கிறார். இவ்விடுதலை சிறியதன்று.

ஆயின் கூலிக் கணக்கு வேறு. இத்தளங்களில் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்னும் நிலையான விலை கிடையாது. ஒரு நாட்டில் ஒரு மாதம் திரளும் கட்டணமும் விளம்பர வருவாயும் ஒரே குவியலாகச் சேர்க்கப்படுகின்றன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பாடலும் பெற்ற விகிதப்படி உரிமையாளர்களுக்குப் பகிரப்படுகிறது. புந்தோங்கில் வாழும் ஒருவர் மாதம் முழுவதும் ஓர் உள்ளூர்க் கலைஞரை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய பணம் அக்கலைஞரிடம் நேரே செல்வதில்லை. அதில் பெரும்பகுதி மிகுதியாகக் கேட்கப்படும் பாடல்களின் உரிமையாளரையே அடைகிறது. சட்டையில் குத்தப்பட்ட பணத்தாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒரு கேட்புக்கு அமெரிக்கக் காசில் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 வரை கிடைக்கும் என்பது பரவலான கணிப்பு. 0.4 எனக் கொண்டால் மலேசிய நாணயத்தில் இரண்டு காசுக்கும் குறைவு. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை எட்ட, மாதந்தோறும் சுமார் ஓர் இலட்சம் கேட்புகள் வேண்டும். மலேசிய இந்தியர் அனைவரும் சேர்ந்தே ஏறத்தாழ 20 இலட்சம் பேர். தமிழகச் சந்தை பெரிதெனினும் அங்குக் கட்டணம் குறைவு. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவில் மாதம் 119 ரூபாய்க்குத் தொடங்கிற்று. கட்டணம் குறையுமிடத்து ஒரு கேட்பின் மதிப்பும் குறையும். மேலும் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பாடலுக்கு அத்தளம் பதிவுரிமைத் தொகை வழங்குவதில்லை. வேறு முறைகளும் உள்ளன. சவுண்ட்கிளவுட் 2021இல், ஒரு நேயரின் பணத்தை அவர் கேட்ட கலைஞர்களுக்கே பகிரும் முறையைத் தொடங்கியது.

ஆகவே திருமணத்தில் டி.ஜே.யாக இசை ஒலிக்கச் செய்தல், பிறர் பாடலுக்கு ஒலிக்கலவை செய்தல், விளம்பரத்துக்கு இசையமைத்தல், கீபோர்டு கற்பித்தல், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்த்தல் என வாழ்க்கை நடைபெறுகிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் திருமணங்களும் திருவிழாக்களும் நின்றன. அந்நாட்களில் மக்கள் இணையத்தில் இசை கேட்பதை நிறுத்தவில்லை. எனினும் கலைஞர் பலர் வறுமையுற்றனர். இவர்களை உண்மையில் தாங்கிவந்தது இணையமன்று, ஊரே என்பதை அக்காலம் புலப்படுத்தியது.

முடிவுரை

தோட்டக் கலைஞன் வறியவன். ஆயினும் தன் கூலியை அளந்தவரின் முகத்தை அறிந்தவன், அவரிடம் வாதாடவும் கூடியவன். ஒலிநாடாக் காலத்தவர் உரிமையை ஒரு தொகைக்கு இழந்தார். இன்றையவருக்கு உரிமை கையில் உண்டு, வாதாட ஆளில்லை. வறுமையின் தொடர்ச்சியும் தொலைவின் பெருக்கமுமே இவ்வரலாறு காட்டும் உண்மை.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே வாங்க முடியும் என்பதை மெய்ப்பித்தார். வினியோகம், உரிமைப் பதிவு, கணக்குச் சரிபார்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியே சுமக்கும் கலைஞர்கள் அவ்வழியைச் சிந்திக்கலாம். ஆலயங்களும் திருமண இல்லங்களும் உள்ளூர்ப் படைப்புக்கு உரிய விலை தர முன்வரலாம். பழைய ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்து அழியுமுன் அவற்றைத் திரட்டி, பாடியவர் பெயரோடு வாசித்தவர் பெயரையும் பெற்ற கூலியையும் பதிந்து வைப்பது ஆய்வாளர் கடன். உழைத்தவரின் கணக்கு இடம்பெறாத வரையில் மலேசியத் தமிழிசை வரலாறு நிறைவு பெறாது.