கொட்டியாரத்துக் கைதியும் குரூசோவின் நாட்குறிப்பும்

கற்பனை மாந்தன் ஒருவன் தன் வாழ்வைத் தானே எழுதிவைத்ததாக அமையும் நாவலை வாசிப்பதில் தனியின்பம் உண்டு. திகதியிட்ட வரிகளை நாம் கதையென்று ஐயுறுவதில்லை, சான்றென்று நம்பிவிடுகிறோம். 1719இல் வெளிவந்த ‘ரொபின்சன் குரூசோ’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் முகப்பேட்டில் டானியல் டீபோவின் பெயர் இல்லை. குரூசோவே எழுதிய வரலாறு என்றே அச்சிடப்பட்டது. தீவில் ஒதுங்கிய நாளான 1659 செப்டம்பர் 30இல் தொடங்கும் அவனது நாட்குறிப்பு, மை தீரும்வரை நீள்கிறது.

இந்நாவலின் ஊற்றுக்களுள் ஒன்று திருகோணமலைக் கரையில் உண்டென்பர் ஆய்வாளர். 1660இல், புயலில் இழந்த பாய்மரத்துக்கு மாற்றுத் தேடிக் கொட்டியாரக் குடாவை அடைந்த ஆங்கிலக் கப்பலின் தலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1679இல், அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினான். 1681இல் அவன் எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்தது. அவன் கதையை டீபோ 1720இல் ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் வெளிப்படையாகவே எடுத்தாண்டார்.

ஆயின், சிறையின் துயரம் நொக்ஸுக்குக் கற்பித்தது யாது? விடுதலை பெற்றவன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்றலைவனாகி, அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குச் சென்றான். குரூசோவும் அவ்வாறே. தானே அடிமையாக இருந்து தப்பியவன், உடன் தப்பிய சிறுவன் சூரியை அறுபது வெள்ளி நாணயத்துக்கு விற்றான். அடிமை வாங்கப் போகும் வழியிலேதான் அவன் கப்பல் உடைந்தது. நன்மை தீமைகளை வணிகன் பேரேட்டிலே வரவு செலவாகப் பதிவதுபோல் எழுதிவைத்த அவன், சூரியின் துயரை எந்தப் பத்தியிலும் பதியவில்லை. நாட்குறிப்பின் நேர்மை, அதை எழுதும் வர்க்கத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது.

இதனால் நாவலின் இன்பம் குன்றுவதில்லை, கூடவே செய்கிறது. எழுதியதை நம்பி மகிழும் வாசகன், எழுதாமல் விட்டதையும் தேடி வாசிக்கத் தொடங்குகிறான். ‘ஊசோன் பாலந்தை கதை’யையும் (1891), ‘மோகனாங்கி’யையும் (1895) தமிழுக்குத் தந்தவர்கள் திருகோணமலையார். ஆயினும் அவற்றின் நாயகர் அரச குலத்தவரே. துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனும் கொட்டியாரத்திலே வலை வீசியவனும் தம் நாட்களைத் தாமே சொல்லும் நாவல்கள் பெருக வேண்டும். மையும் தாளும் யார் கையில் இருந்தன என்று வினவாமல் வரலாறு கற்பிக்க முடியாது. இலக்கியமும் கற்பிக்க முடியாது.