செயின்ட் அந்தோனி அருவி

செயின்ட் அந்தோனி அருவி என்பது ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாப்பொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றில் அமைந்துள்ள அருவியாகும். மிசிசிப்பி ஆற்றின் ஒரே பெரிய இயற்கை அருவி இதுவாகும். இதன் நீர்வலுவைக் கொண்டே மினியாப்பொலிஸ் ஒரு தொழில் நகரமாக வளர்ந்தது. அந்நீர்வலுவைப் பெருக்க மேற்கொண்ட முயற்சியால் 1869 ஆம் ஆண்டில் அருவியே அழியும் நிலை ஏற்பட்டது.

பெயர்

இப்பகுதியின் பழங்குடிகளான டக்கோட்டா மக்களுக்கு இது புனிதமான இடமாகும். அவர்கள் இதனை ஓவாம்னியோம்னி என அழைக்கின்றனர். 1680 இல் இங்கு வந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி லூயி என்னப்பின், பதுவை நகரப் புனித அந்தோனியாரின் பெயரை இதற்கு இட்டார்.

நிலவமைப்பு

இங்கு ஆற்றுப்படுகையின் மேல் அடுக்கு கடினமான சுண்ணாம்புக்கல்லாலும், கீழ் அடுக்கு எளிதில் அரிக்கப்படும் மணற்கல்லாலும் ஆனது. விழும் நீர் மணற்கல்லை அரிப்பதால், தாங்குதலை இழந்த சுண்ணாம்புக்கல் உடைந்து வீழ்கின்றது. இவ்வாறு அருவி பல்லாயிரம் ஆண்டுகளாக ஆற்றின் மேற்புறம் நோக்கிப் பின்வாங்கி வந்தது. சுண்ணாம்புக்கல் அடுக்கு மேற்புறத்தில் சிறிது தொலைவிலேயே முடிவடைகின்றது. அவ்விடத்தை எட்டினால் அருவி மறைந்து வெறும் நீர்விரைவாக மாறிவிடும்.

ஆலைகள்

1820களில் சினெல்லிங் கோட்டைப் படையினர் இங்கு மரமறுக்கும் ஆலையையும் மாவாலையையும் நிறுவினர். 1848 இல் வணிக அடிப்படையிலான மரமறுக்கும் ஆலை தொடங்கப்பட்டது. 1856 இல் ஆற்றின் இரு கரைகளிலும் ஒவ்வொரு நிறுவனம் தோன்றி, ஆலைகளுக்கு நீர்வலுவைக் குத்தகைக்கு விட்டது. மேற்குக் கரையில் அருவிக்கு மேலிருந்து கால்வாய் வழியே எடுக்கப்பட்ட நீர், ஆலைகளின் அடியிலிருந்த குழிகளில் விழுந்து சுழலிகளை இயக்கியபின் சுரங்க வழிகளால் மீண்டும் ஆற்றை அடைந்தது. சுழலிகளின் ஆற்றல் தண்டுகள், வார்ப்பட்டைகள் மூலம் இயந்திரங்களுக்குக் கடத்தப்பட்டது. 1880 முதல் 1930 வரை கோதுமை மாவு உற்பத்தியில் மினியாப்பொலிஸ் அமெரிக்காவிலேயே முதலிடம் வகித்தது.

1869 ஆம் ஆண்டுச் சரிவு

நிக்கலெட் தீவுக்கும் நீர்வலுவை வழங்குவதற்காகச் சுண்ணாம்புக்கல் அடுக்கின் கீழ் மணற்கல்லில் சுரங்க வழி தோண்டப்பட்டது. 1869 அக்டோபர் 5 அன்று ஆற்றுநீர் அதனுள் புகுந்து, சுரங்க வழி சரிந்தது. ஊர்மக்கள் மரங்களையும் பாறைகளையும் இட்டுப் பள்ளத்தை அடைக்க முயன்றனர். பின்னர் அமெரிக்கப் படைப் பொறியாளர்கள் சுண்ணாம்புக்கல்லின் கீழ் ஆற்றின் குறுக்கே காங்கிரீட் தடுப்புச் சுவர் ஒன்றை 1876 இல் கட்டி முடித்தனர். அருவியின் முகப்பு 1880 அளவில் மரத்தாலான சரிதளத்தால் மூடப்பட்டது. இது 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காங்கிரீட்டாக மாற்றப்பட்டது.

வெடிவிபத்து

1878 மே 2 அன்று வாஷ்பர்ன் 'ஏ' மாவாலையில் காற்றில் கலந்திருந்த மாவுத்தூள் தீப்பற்றி வெடித்ததில் 18 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆலை 1880 இல் மீண்டும் கட்டப்பட்டது.

பிற்காலம்

1882 இல் இங்கு நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. இது அந்நாட்டின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் ஒன்றாகும். 1930 இல் மாவு உற்பத்தியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் முன்னேறியது. 1965 இல் வாஷ்பர்ன் 'ஏ' ஆலை மூடப்பட்டது. தீயினால் சிதைந்த அதன் சுவர்களுக்குள் 2003 இல் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. கப்பல்கள் அருவியைக் கடப்பதற்காக 1963 இல் திறக்கப்பட்ட மேல் நீர்ப்பூட்டு, அயல் கெண்டை மீன்கள் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு 2015 இல் மூடப்பட்டது.