ஈ, குதிரை, கிண்ணம்: தோடேதார்த் துப்பாக்கியின் உலோக உறுப்புகள்

அக்பரின் ஆயுதச்சாலையைப் பற்றி எழுதும் அபுல் ஃபசலின் கவனத்தைக் குழலே ஆட்கொள்கிறது. இரும்புத் தகட்டைக் காகிதம்போல் சாய்வாகச் சுருட்டி, மடிப்புகளை உலையிலிட்டு ஒன்றாக்கும் முறையை ‘அயினி அக்பரி’ விவரிக்கிறது. மாட்டைக் கொண்டு சுழற்றி, 16 குழல்களை ஒருசேரத் துப்புரவு செய்யும் சக்கரத்தையும் அது சொல்கிறது. இரும்பின் எடை, அது கிடைத்த இடம், செய்தவர் பெயர், நாள், வரிசை எண் ஆகியன துப்பாக்கிதோறும் எழுதப்பட்டன. உஸ்தாத் கபீர், ஹுசைன் என்னும் குழல்வல்லுநர் பெயர்கள் இவ்வாறே நமக்குக் கிடைத்தன. பட்டையும் தகடும் பொருத்தியோருக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை.

அவர்தம் வேலையோ எளியதன்று. ஐரோப்பியத் துப்பாக்கியில் சுடுபொறி முழுவதும் ஒரு தகட்டில் அமைந்து பக்கவாட்டில் பொருத்தப்படும். இந்தியாவின் தோடேதாரில் (‘தோடா’ என்பது எரியும் திரி) பொறி மரக்கட்டையின் உள்ளேயே மறைந்திருக்கும். உள்ளே குடைந்ததால் மெலிந்த கட்டையை இருபுறமும் நீண்ட இரும்புத் தகடுகள் தாங்கும். விசையை இழுத்தால், பிளவின் வழியே தலைநீட்டும் கொக்கி முன்சாய்ந்து, திரியைப் பற்றுமருந்தில் தொடவைக்கும். குழலைக் கட்டையோடு பிணைப்பவை தோல்வார், கம்பிச்சுற்று அல்லது உலோகப் பட்டைகள். மருந்துத்துளை அடைத்துக்கொண்டால் குத்தித் திறக்கும் ஊசியும் சங்கிலியில் தொங்குவதுண்டு.

சொற்களைப் பார்ப்போம். ‘துப்பாக்கி’ துருக்கியச் சொல்வழி வந்தது. ‘பந்தூக்’ அரபியில் முதலில் ஒரு கொட்டையைக் குறித்தது. ஆயுதத்தின் பெயர் அயலிலிருந்து வந்தது. உறுப்புகளின் பெயர்களோ வீட்டிலும் தொழுவத்திலும் புழங்குபவை. இந்தியில் குழல்முனைக் குறிமுளை ‘மக்கீ’, அதாவது ஈ. பற்றுமருந்துக் குழி ‘ப்யாலா’, கிண்ணம். தீயை மருந்துக்குக் கொண்டுசெல்லும் பொறி ‘கோடா’, குதிரை. தமிழிலும் அது குதிரைதான். அரசவை ஏடுகளைவிடப் பட்டறைப் பேச்சையே இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன என்பது என் துணிபு.

சக்கிமுக்கிப் பொறி வந்த பின்னும் 19ஆம் நூற்றாண்டுவரை இந்தியாவில் திரித்துப்பாக்கி நீடித்ததைத் தேக்கம் என்று எழுதுவது வழக்கம். திறமைக் குறைவு என்பது பொருந்தாது. திப்புவின் பட்டறைகள் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செய்தன. ஆனால் அப்பொறிக்குப் பதம்பார்த்த எஃகு வில்லும், கடினமாக்கிய எஃகு முகமும், நல்ல சக்கிமுக்கிக் கல்லும் வேண்டும். தோடேதாரின் கொக்கியையும் பட்டையையும் ஊர்க்கொல்லர் தம் உலையிலேயே செப்பனிடலாம்.

அந்த உலையைத்தான் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தொட்டது. அதன் வரையறைப்படி ஆயுதத்தின் உறுப்புகளும், அவற்றைச் செய்யும் கருவிகளும்கூட ‘ஆயுதம்’. உரிமமின்றி ஒரு கொக்கியைச் செய்து விற்பதும் குற்றமாயிற்று. குடகர்களுக்கு அளித்த விலக்கு அரிதான ஒன்று.

அருங்காட்சியகக் குறிப்புகளில் ‘பிற்காலப் பட்டை’ என்ற சொற்றொடரைக் குறைபாட்டின் பெயராகவே நாம் வாசித்துவருகிறோம். மாற்றப்பட்ட பட்டை ஒரு கொல்லரின் வேலைக்குச் சான்று. அதன் உலோகமும் அளவும் பொருத்திய விதமும் தனியே பதிவாக வேண்டும். ராஜஸ்தான், புந்தேல்கண்ட் கொல்லர்களிடையே களப்பணி செய்யும் நண்பர்கள் இவ்வுறுப்புகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்துவந்தால் மொழியியலாளருக்கும் பெரிதும் பயன்படும்.